கோடு போடாத எழுத்து

ஜூன் 12, திங்கள்

இது போன வருஷத்து டைரி. அப்பா லோடு ஆட்டோவில் உர மூட்டை இறக்கிய கடையில் சும்மா கொடுத்தார்கள். கிழமையெல்லாம் தப்பாக இருப்பதால் அடித்துவிட்டு மேலே நானே எழுதிக்கொள்கிறேன். அச்சடித்த எழுத்தைவிட என் எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. தற்பெருமை இல்லை, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

இன்று பள்ளிக்கூடம் திறந்தது. பதினொன்றாம் வகுப்பு, பி பிரிவு. வாசல் போர்டு இந்த வருஷமும் எனக்குத்தான் என்று கோமதி டீச்சர் சொல்லிவிட்டார்கள். எங்கள் அரசு மகளிர் பள்ளியில் கேட்டைத் தாண்டினதும் எச்.எம். அறைக்கு முன்னால் ஆளுயரத்துக்கு ஒரு கரும்பலகை உண்டு. தினம் ஒரு பொன்மொழியும் இரண்டு செய்தியும் எழுதவேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்து நான்தான் எழுதுகிறேன். காலை எட்டே காலுக்கு நானும் பேச்சியம்மாளும் போய்விடுவோம். பேச்சி எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸ் தூளில் புரட்டிய நூலை அவள் ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டுவோம். மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு விழும். அப்படி ஏழு கோடு. கோடு இல்லாவிட்டால் எனக்கு வரி மேலே ஏறிவிடும். அது பேச்சிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

டீச்சர் எச்.எம். அறைக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வரும்போது போர்டைப் பார்த்து, "எம்பிள்ள எழுத்து அச்சுல வார்த்த மாதிரில்லா இருக்கு" என்றார்கள். வருஷா வருஷம் சொல்வதுதான். ஆனாலும் கேட்க நன்றாக இருக்கிறது.

ஜூன் 15, வியாழன்

வகுப்புக்குப் புதுப்பிள்ளை ஒருத்தி வந்திருக்கிறாள். பெயர் நர்மதா, ஊர் திருப்பூர். அப்பா இல்லையாம். அம்மா பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். இவளை மட்டும் இங்கே தாய்மாமன் வீட்டில் விட்டிருக்கிறாள். தேரடிப் பக்கம் இட்லி மாவு அரைத்து விற்கிறாரே, அவர்தான் மாமன்.

என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து, "ஏனுங்க, இங்க உக்காந்துக்கட்டுங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே வயசுப் பிள்ளையைப் போய் யாராவது 'ங்க' போடுவார்களா.

அம்மாவுக்குப் பீடி இலை வெட்டிக் கொடுத்தேன். விரலெல்லாம் இலை வாசம்.

ஜூன் 22, வியாழன்

மூன்று நாளாகக் காய்ச்சல். கஞ்சியும் ஊறுகாயும்தான். சாயங்காலம் பேச்சி பார்க்க வந்தாள். வந்தவள் என் காய்ச்சலைப் பற்றி ரெண்டு வார்த்தை கேட்டுவிட்டு, போர்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நான் வராததால் டீச்சர் நர்மதாவை எழுதச் சொன்னார்களாம்.

"நூல எடுத்துட்டுப் போனேம்ட்டி. வேண்டாமுங்கன்னுட்டா. கோடே போடல. அப்படியே விறுவிறுன்னு எழுதுதா. ஒரு வரி கோணல்னு சொல்லு பாப்போம்."

"கோடு போடாம எழுதுனா பக்கத்துல பாத்தா தெரியும்" என்றேன்.

"பக்கத்துல நின்னுதாம்ட்டி பாத்தேன்" என்றாள்.

அவள் போனபிறகு காய்ச்சல் திரும்பவும் ஏறியது.

ஜூன் 23, வெள்ளி

போனேன். பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, சுமாராகத்தான் இருக்கிறது. 'ழ'வின் வாலைக் கொஞ்சம் நீட்டிச் சுழித்துவிடுகிறாள். அதற்குத்தான் ஆளாளுக்கு ஆகா ஓகோ என்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பொடிசுகள் கூட்டமாக நின்று விரலால் காற்றில் அந்த 'ழ'வை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தன.

பிரேயர் முடிந்ததும் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "கனி, உனக்கு இந்த வருஷம் பாடம் ஜாஸ்தி. போர்ட நர்மதா பாத்துக்கிடட்டும், என்ன?" என்றார்கள்.

சரி டீச்சர் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். எனக்குப் பாடம் ஜாஸ்தி என்றால் அவளுக்கு மட்டும் குறைச்சலா? ஒரே வகுப்புத்தானே. மத்தியானம் சோறு இறங்கவில்லை. நான் பொறாமைப்படுகிற ஆள் இல்லை. ஆனால் மூன்று வருஷம் எட்டே காலுக்கு வந்தவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

ஜூன் 27, செவ்வாய்

வகுப்பில் எல்லோரும் அவளை 'ஏனுங்கோ' என்று கூப்பிடுகிறார்கள். அவள் எழுந்து பதில் சொன்னால் கடைசி பெஞ்சிலிருந்து 'ங்...' என்று ஒரு சத்தம் இழுக்கிறது. ஆரம்பித்தது நான்தான் என்று பேச்சி சொல்கிறாள். நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பா?

ஜூலை 3, திங்கள்

நர்மதாவின் பெஞ்சில் யாரோ சாக்பீஸைத் தூளாக்கித் தடவி வைத்திருந்தார்கள். உட்கார்ந்து எழுந்தபோது சுடிதாருக்குப் பின்னால் வெள்ளையாக இரண்டு வட்டம். அப்படியே போர்டுக்குப் போய் கணக்குப் போட்டாள். வகுப்பே சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

பேச்சிதான் வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தட்டிவிட்டாள். தன் துப்பட்டாவை ஈரம் பண்ணித் துடைத்தாளாம். எனக்கு எட்டாம் வகுப்பில் உடுப்பில் மை கொட்டியபோது இதே பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள்.

ஜூலை 6, வியாழன்

தேங்காய் எண்ணெய் பாட்டில் அதற்குள் எப்படிக் காலியானது என்று அம்மா கத்தினாள். தலைக்குத்தான் தேய்த்தேன் என்றேன்.

ஜூலை 7, வெள்ளி

இன்று வாசல் போர்டில் சாக்பீஸ் பிடிக்கவில்லையாம். எழுத எழுத வழுக்கிக்கொண்டு போகிறதாம். யாரோ எண்ணெய் தடவிவிட்டார்கள் என்று பேச்சு. பெல் அடிக்கிற நேரத்தில் போர்டு காலியாகக் கிடந்தால் எச்.எம். சும்மா விடமாட்டார்கள். அவ்வளவுதான், இனி அவளுக்குப் போர்டு கிடையாது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் அவள் என்ன செய்தாள் தெரியுமா? சத்துணவுக் கூடத்துக்குப் போய் அடுப்புச் சாம்பல் வாங்கி வந்து, போர்டு முழுக்கத் தேய்த்துக் கழுவி, தன் துப்பட்டாவால் துடைத்துக் காயவைத்து, பிரேயர் நடக்க நடக்க எழுதி முடித்துவிட்டாள். கோமதி டீச்சர் பிரேயருக்குக்கூடப் போகாமல் அவளுக்கு சாக்பீஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். முடிந்ததும் தன் கைக்குட்டையை எடுத்து அவள் முகத்தில் இருந்த சாம்பலைத் துடைத்துவிட்டார்கள்.

எனக்கு யாரும் முகம் துடைத்துவிட்டதில்லை. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட.

ஜூலை 12, புதன்

நர்மதாவோடு யாரும் பேச வேண்டாம் என்று நான் சொன்னதாக ஒரு கதை ஓடுகிறது. சுத்தப் பொய். அவளோடு பேசுகிறவர்கள் என்னோடு பேச வேண்டாம் என்றுதான் சொன்னேன். யாரோடு பேசுவது என்பது என் சொந்த விஷயம்.

இப்போது வகுப்பில் அவளோடு யாரும் பேசுவதில்லை. பேச்சியைத் தவிர.

ஜூலை 18, செவ்வாய்

மத்தியானம் வேப்பமரத்தடியில் பேச்சியும் அவளும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள். கொள்ளுப் பருப்பாம். பேச்சி வீட்டில் கொள்ளு வைத்தால் மாட்டுத் தீவனம் என்று முகத்தைச் சுளிப்பவள், இங்கே விரலைச் சூப்பிச் சாப்பிடுகிறாள். நான் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் மூன்று தடவை போய் வந்தேன். தாகம்தான்.

மூன்றாவது தடவை பேச்சி கூப்பிட்டாள். "ஏட்டி கனி, வாயேன். நல்லாருக்கு."

"எனக்கு வயிறு சரியில்ல" என்று வந்துவிட்டேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து நாலு தோசை சாப்பிட்டேன்.

ஜூலை 21, வெள்ளி

நர்மதாவிடம் தமிழ் நோட்டைக் கேட்டேன். காய்ச்சலில் விட்டுப்போன பாடத்தை எழுதிக்கொள்ளலாமே என்றுதான். அவள் முகம் அப்படியே மலர்ந்துபோனது. நோட்டை இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"நீங்களாவது கேட்டீங்களே. எத்தன நாளு வேணுமுன்னாலும் வெச்சுக்கோங்க. எனக்கு அவசரமில்லீங்க."

அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாருட்டி இது? முத்து கோத்த மாதிரில்லா எழுதியிருக்கா" என்றாள். பெற்ற தாயே இப்படிச் சொன்னால் மற்றவர்களை என்ன சொல்ல.

ஜூலை 24, திங்கள்

ழ ழ ழ ழ ழ ழ ழ ழ ழ

வாலை எடுத்ததும் வளைக்கக் கூடாது. கொஞ்சம் இறக்கி, பிறகு சுழிக்கவேண்டும்.

ஜூலை 26, புதன்

ணை ணை ணை. லை லை லை. கோமதி கோமதி கோமதி டீச்சர் டீச்சர்.

அவள் 'ம'வின் வயிற்றை அகலமாகப் போடுகிறாள். இன்றைக்கு ஆறு பக்கம் எழுதினேன். கையெழுத்தைத் திருத்திக்கொள்வது நல்ல பழக்கம்தான். வரி மட்டும் இன்னமும் மேலே ஏறுகிறது.

ஜூலை 31, திங்கள்

கோடு போடாத வெள்ளைத்தாள், பென்சில், புது அழிப்பான் வாங்கினேன். அம்மாவுக்கு ஒரு கட்டு இலை வெட்டினேன். மழை வருவதுபோல் இருந்தது, வரவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

எச்.எம். அறை வாசலில் புகார்ப் பெட்டி ஒன்று உண்டு. பிள்ளைகள் பெயர் போடாமல் குறைகளை எழுதிப் போடலாம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை திறப்பார்கள். கக்கூஸில் தண்ணீர் இல்லை, சத்துணவில் கல் கிடக்கிறது, இப்படித்தான் வரும்.

இன்று கோமதி டீச்சரைப் பற்றி ஒரு கடிதம் வந்திருக்கிறது. பாடம் நடத்தாமல் போன் பார்க்கிறார்கள், நாலு பேருக்கு மட்டும் செல்லம் கொடுக்கிறார்கள் என்றெல்லாம் இருந்ததாம். கடைசியில் 'தனக்குப் பிள்ளை இல்லாத எரிச்சலை எங்கள்மேல் காட்டுகிறார்கள்' என்று ஒரு வரி. பெயர் இல்லை. ஆனால் தினமும் வாசல் போர்டில் பார்க்கிற எழுத்தாயிற்றே, பெயர் எதற்கு?

டீச்சர் ஸ்டாஃப் ரூமில் மேஜையில் தலை கவிழ்ந்து அழுதார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோள் குலுங்கியது. அந்தக் கடைசி வரி இல்லாமல் இருந்திருக்கலாம். எழுதுகிற வேகத்தில் வந்துவிட்டதோ என்னவோ.

ஆகஸ்ட் 7, திங்கள்

நர்மதாவை எச்.எம். அறைக்குக் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டைக் கொடுக்கப்போன பேச்சி அங்கே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"நான் எழுதுலீங்க டீச்சர்னு அழுதாட்டி. கோமதி டீச்சர் அந்தத் தாள அவ முன்னால போட்டு, 'இந்த ழவ வேற யாரு எழுதுவா? ஒன்ன எம்பிள்ளயாட்டம்லா நெனச்சேன்'னாவ. அவ தாளத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, 'இதுல பென்சில்ல கோடு போட்டு அழிச்ச தடம் இருக்குதுங்க, நான் கோடே போடமாட்டனுங்க'ன்னா. டீச்சர் காதுலயே வாங்கல. அழுதுட்டே வெளிய போய்ட்டாவ."

பேச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பைக்குள் கையை விட்டு, எங்கள் நூல்கண்டை எடுத்து என் டெஸ்கில் வைத்தாள்.

"இது இனி ஒனக்குத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு நர்மதாவின் காலி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நர்மதாவின் மாமா வந்தார். பெரிய மீசை, கையெல்லாம் மாவு. "படிச்சுக் கிழிச்சது போதும். மாவுக் கடையில ஆளில்லாம நான் தவிச்சுக்கிட்டு இருக்கேன். டி.சி.யக் குடுங்க" என்று வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். அடுத்த திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம்.

டி.சி. வரைக்கும் போகும் என்று யார் நினைத்தது? போர்டு கைமாறும், டீச்சர் அவளோடு பேசமாட்டார்கள், அவ்வளவுதான் என்று...

ஆகஸ்ட் 9, புதன்

வாசல் போர்டு திரும்ப எனக்கு வந்துவிட்டது. நூலின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் ஆணியில் கட்டிச் சுண்டினேன். கோடு தடிமனாக விழுந்தது.

எழுதி முடித்துவிட்டு டீச்சருக்காக ஓரமாகக் காத்து நின்றேன். அவர்கள் போர்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆறாம் வகுப்புக் குட்டி ஒன்று மட்டும் ஓடிவந்து பார்த்துவிட்டு, "அந்த அக்கா வந்துட்டாங்களா?" என்று கேட்டது. பிறகுதான் நானே கவனித்தேன். என் கையிலிருந்து வந்தது எல்லாம் அவள் எழுத்து. 'ழ' வால் நீட்டிச் சுழித்து, 'ம' வயிற்றை அகட்டி உட்கார்ந்திருந்தது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

மாவு வாங்கி வா என்று அம்மா தூக்குவாளியைக் கையில் கொடுத்தாள். வேறு கடைக்குப் போகலாம்தான். தேரடிக்கே போனேன்.

நர்மதா கிரைண்டர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வெறும் நைட்டி, தலையில் துண்டு, முழங்கை வரை மாவு. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். வாளியை வாங்கி மாவு ஊற்றி, வெளியே வழிந்ததைத் துடைத்துக் கொடுத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்திருப்பேன்.

"நோட்டு உன்கிட்டயே இருக்கட்டும். எனக்கு இனி எதுக்கு" என்றாள்.

'ங்க' போடவில்லை. முதல் தடவையாக. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, எழுதிவிடுகிறேன். அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். எண்ணெய் தடவியது, பெஞ்சில் சாக்பீஸ் தூள் போட்டது, எல்லாம் நான்தான். அவள் வந்ததும் என்னிடம் இருந்த எல்லாம் ஒவ்வொன்றாக அவள் பக்கம் போய்விட்டது. அவள் எதையும் கேட்கக்கூட இல்லை, தானாகவே போனது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. மாவுக் கடையில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதுகூட அவள் நன்றாக இருந்தாள், அதற்கும் எரிந்தது.

ஆனாலும் அவள் கை மாவுக்குள் இருக்கக்கூடாது.

ஆகஸ்ட் 14, திங்கள்

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். போர்டைத் துடைத்தேன். நூலை எடுக்கவில்லை. பொன்மொழி எழுதுகிற இடத்தில் எழுதினேன்: 'கோமதி டீச்சரைப் பற்றிய கடிதத்தை எழுதியது நர்மதா இல்லை. சண்முகக்கனி, 11 பி.' நூலில்லாமல் எழுதியும் வரி நேராக வந்திருந்தது. அந்த நேரத்திலும் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்று அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. பிறகு வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எட்டரைக்கு நர்மதா டி.சி. வாங்க அவள் மாமாவோடு வந்திருக்கிறாள். எச்.எம். வரும்வரை போர்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்களாம். எனக்கு அது தெரியாது.

பெல் அடிக்கும் முன்னால் சத்தம் கேட்டு ஓடினேன். போர்டுக்கு முன்னால் பள்ளிக்கூடமே நிற்கிறது. நடுவில் கோமதி டீச்சர்.

"செஞ்சதும் இல்லாம, பழிய அடுத்த பிள்ள மேல போடுதியா? ஒன் எழுத்து எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

"நான் எழுதுலீங்க, நாங்க வரும்போதே இருந்துச்சுங்க" என்று நர்மதா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் மாமா அத்தனை பேர் முன்னாலும் அவள் கன்னத்தில் அறைந்தார். மாவு காய்ந்த கை. கன்னத்தில் வெள்ளையாக விரல் பதிந்தது.

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டார்கள். "நீ ஒண்ணும் பயப்படாத. எம்பிள்ள எழுத்து எனக்குத் தெரியாதா?" என்றார்கள். தன் சேலை முந்தியாலேயே போர்டைத் துடைத்தார்கள்.

இதற்காகத்தானே இரண்டு மாதமாக ஏங்கினேன். சேலையில் பவுடர் வாசம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

எச்.எம். வர நேரமாகிவிட்டதால் டி.சி. புதன்கிழமைக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம். ஆளுக்கு ஒரு மிட்டாய்.

கூட்டம் கலைந்ததும் டீச்சரிடம் போய், "டீச்சர், நெசமாவே நான்தான் எழுதினேன். லெட்டரும் நான்தான், போர்டும் நான்தான்" என்றேன். டீச்சர் என் தலையைத் தடவினார்கள்.

"அவ படிப்பு போவுதேன்னு ஒனக்கு எரக்கம். நல்ல மனசுட்டி ஒனக்கு. ஆனா பொய் சொல்லக்கூடாது."

எழுதிக் காட்டுகிறேன் என்று ஆபீஸில் தாள் வாங்கி எழுதினேன். அவசரத்தில் என் எழுத்தும் இல்லாமல் அவள் எழுத்தும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று வந்தது. "பாத்தியா" என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார்கள்.

பேச்சி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் என் பின்னாலேயே வந்து, "வாயால சொன்னா நம்பமாட்டாவ. ஒங்கிட்ட வேற ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 16, புதன், காலை

டீச்சர், இந்த டைரியை உங்களிடம் கொடுக்கப்போகிறேன். ஸ்டாஃப் ரூம் வாசல் படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பேச்சி பக்கத்தில் நிற்கிறாள். இன்னும் என்னோடு பேசவில்லை, ஆனால் நிற்கிறாள். நர்மதாவின் மாமா பத்து மணிக்கு வருவார். அதற்குள் படித்துவிடுங்கள்.

முதல் பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து மாறிக்கொண்டே வருவது தெரியும். ஜூன் மாதத்தில் இருப்பது என் எழுத்து. ஜூலை 24-லும் 26-லும் நான் பழகியிருக்கிறேன். அந்தக் கடிதத்தையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வரிக்கு வரி பென்சில் தடம் இருக்கும். அப்போது கோடு இல்லாமல் எனக்கு வராது. நர்மதா சொன்னது நிஜம்.

நடுவில் உங்களைப் பற்றியும் இருக்கிறது. அந்தக் கடைசி வரியை நான் வேகத்தில் எழுதவில்லை. எது உங்களுக்கு ரொம்ப வலிக்கும் என்று யோசித்துத்தான் எழுதினேன். அதை வேறு ஒருத்தி எழுத்தில் எழுதினால் என்மேல் ஒட்டாது என்று நினைத்தேன். இதையெல்லாம் படித்த பிறகு நீங்கள் என்னை எம்பிள்ளை என்று சொல்லமாட்டீர்கள். அது எனக்குத் தெரியும். நேற்றெல்லாம் அதை நினைத்துத்தான் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

டி.சி. கொடுப்பதாக இருந்தால் எனக்குக் கொடுங்கள். அம்மாவுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இன்றைக்குப் போர்டை நான் எழுதவில்லை. துடைத்து மட்டும் வைத்திருக்கிறேன். சாக்பீஸ் பெட்டி நர்மதாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது.

இன்னும் ஒன்று. ஜூன் 23-ஆம் தேதிப் பக்கத்தில் 'சுமாராகத்தான் இருக்கிறது' என்று எழுதியிருப்பேன். அது பொய் டீச்சர். அவள் எழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும்.